தண்ணீரை மறிப்பதா, பொருளை உயர்த்துவதா, வெளிக்கிடுவதா: களனிக்கரை வீட்டுக்கு எது பொருந்தும்?

இலங்கையைத் தாக்கிய பெரிய சூறாவளிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையால்தான் உள்ளே வந்திருக்கின்றன. 1978 நவம்பரில் மட்டக்களப்பு, 2020 டிசம்பரில் புரெவியின்போது திருகோணமலைப் பக்கம், 2025 நவம்பர் 28இல் தித்வா. கொழும்பில் கூரையைப் பிய்த்தெறியும் காற்று அபூர்வம். இங்கே சூறாவளி வருவது தண்ணீராகத்தான். மலைநாட்டில் கொட்டிய மழை களனி கங்கையில் இறங்கி, கித்துல்கல, ஹங்வெல்ல தாண்டி, ஒன்று இரண்டு நாள் கழித்துக் கடுவெலவுக்கும் வெல்லம்பிட்டிக்கும் வந்து சேருகிறது. அப்போது கொழும்பில் மழை விட்டிருக்கும், வெயில்கூட அடிக்கும். 2016 மே மாதம் ரோனு கரையைக் கடக்காமல் அருகாலேயே போனது. ஆனாலும் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன.

ஆகவே ஒக்டோபரில் தொடங்கும் சூறாவளிக் காலத்துக்கு முன்னரும், மே மாதத் தென்மேற்குப் பருவத்துக்கு முன்னரும், வீட்டுக்கென்று ஒதுக்கும் காசை எதில் போடுவது என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் முதல் பதிலான ஜெனரேட்டர் இங்கே சரியான பதில் அல்ல. உண்மையில் தெரிவு மூன்று: வாசலில் தண்ணீரை மறிப்பது, உள்ளே வரட்டும் என்று விட்டுப் பொருட்களை உயர்த்துவது, நேரத்தோடு வெளிக்கிடுவது.

முதலில் உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வருவது மழைத்தண்ணீர். கான் கொள்ளாமல் வீதிக்கு ஏறி, கணுக்கால் அல்லது முழங்கால் வரை நின்று, சில மணித்தியாலத்தில் வடிந்துவிடும். கொலன்னாவை, தெமட்டகொடைப் பக்கத்தில் வருவது வடியாத தண்ணீர். களனி உயர்ந்தால் கங்கை கால்வாய்க்குள் திரும்பி ஏறாமல் இருக்க மதகுகளை மூடுவார்கள். அப்போது உள்ளே பெய்த மழைக்கும் வெளியேற வழி இல்லை. கங்கைக் கரையோரம், குறிப்பாக வெள்ளத் தடுப்பு அணைக்கட்டுக்கும் கங்கைக்கும் இடையில் இருக்கும் வீடுகளுக்கு வருவது கங்கையேதான். அது இடுப்பளவுக்கும் ஆளுயரத்துக்கும் ஏறும், நாட்கணக்கில் நிற்கும். வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் பக்கத்து வீட்டு மதிலில் பழைய நீர்க்கறையைத் தேடுங்கள், இல்லாவிட்டால் அங்கே நெடுநாள் இருப்பவரிடம் 2016இலும் 2025இலும் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். உங்கள் வாசற்படியிலிருந்து அந்த மட்டம் வரை எத்தனை அடி என்று நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த ஓர் இலக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

மறிப்பது: இரண்டு அடி வரை மட்டும்

நின்ற தண்ணீர் தள்ளும் விசையைப் பலரும் குறைத்து மதிக்கிறார்கள். 1 மீற்றர் அகலக் கதவில் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 45 கிலோ எடையளவு தள்ளும். 60 சென்ரிமீற்றரில் 180 கிலோ. 90 சென்ரிமீற்றரில் 400 கிலோவைத் தாண்டும். உயரம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்காகும். நான்கு அங்குல சீமெந்துக் கல்லில் கட்டிய சுவர் பக்கவாட்டுத் தள்ளலுக்காகக் கட்டப்பட்டதல்ல. வெளியே மூன்று அடி தண்ணீரும் உள்ளே காய்ந்த தரையுமாக இருந்தால் சுவர் வெடிக்கலாம், விழலாம். எனவே எல்லை இரண்டு அடி. அதற்கு மேல் ஏறுகிறது என்று தெரிந்தால் தடுப்பை நீங்களே எடுத்துத் தண்ணீரை உள்ளே விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டமானால் சுவர் தப்பும். நனைந்த தரையைக் கழுவலாம், விழுந்த சுவரை மீண்டும் கட்டத்தான் வேண்டும்.

இரண்டு அடிக்குள் என்றால் மறிப்பது பயனுள்ளது. மணல் மூட்டை மலிவு, ஆனால் வேலை அதிகம். 1.5 மீற்றர் நீளத்துக்கு 30 சென்ரிமீற்றர் உயர்த்த, அடியில் மூன்று வரிசை, நடுவில் இரண்டு, மேலே ஒன்று என்று அடுக்கினால் 18 மூட்டை வேண்டும். மூட்டைக்கு 15 கிலோ வைத்தாலும் 270 கிலோ மணல். பையை அரைவாசிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பிய பை உருண்டையாக நிற்கும், இடுக்கால் தண்ணீர் வரும். தண்ணீர் வரும் பக்கத்தில் தடித்த பொலித்தீனை விரித்து, அடி ஓரத்தை முதல் வரிசையின் கீழ் மடித்து வையுங்கள். பொலித்தீன் இல்லாத மணல் மூட்டை வேகத்தைக் குறைக்கும், தண்ணீரை நிறுத்தாது.

ஒவ்வொரு வருடமும் கணுக்கால் தண்ணீர் வரும் ஒழுங்கை என்றால் மூட்டையை விடக் கதவுப் பலகை நல்லது. நிலையின் இரு பக்கமும் அலுமினிய யு வடிவச் சட்டத்தைத் திருகாணியும் சிலிக்கனும் போட்டு நிரந்தரமாகப் பொருத்துங்கள். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டை 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, அடியிலும் பக்கங்களிலும் ரப்பர் நுரைப் பட்டை ஒட்டி, சட்டத்துக்குள் இறக்கி, பட்டாம்பூச்சித் திருகாணியால் இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை, நடுராத்திரியிலும் ஒருவரே செய்யலாம். தோற்கும் இடம் பெரும்பாலும் அடிப்பட்டைதான். வாசற்படி சமமாக இல்லாவிட்டால் அங்கே கசியும். பலகை செய்வதற்கு முன் படியைச் சீமெந்து பூசிச் சமப்படுத்துங்கள்.

பலகை போட்டும் வீடு நிறைந்துபோவதற்கு வேறொரு வழி உண்டு: கொமட்டும் குளியலறைத் துவாரமும். வெளியே மட்டம் உயர்ந்ததும் மலக்குழி நிறைந்து, குழாய் வழியே திரும்பி வரும். அது வெறும் மழைத்தண்ணீர் அல்ல. நிரந்தரத் தீர்வு, மலக்குழிக்குப் போகும் நான்கு அங்குலக் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துவது. எட்டிப் பார்த்துக் கழுவக்கூடிய இடத்தில் பொருத்துங்கள். அழுக்கு சிக்கினால் வால்வு மூடாது, பருவத்துக்கு ஒரு தடவையாவது திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வால்வு இல்லையென்றால், மணலை உறுதியான பொலித்தீன் பையில் இறுகக் கட்டிக் கொமட்டின் வாய்க்குள் அழுத்துங்கள். தரைத் துவாரத்துக்குப் பழைய துவாய், அதன்மேல் தட்டு, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய பக்கீட்.

உயர்த்துவது: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே முதற் செலவு

கால்வாய்த் தண்ணீரோ கங்கையோ வரும் வீட்டில் மறிக்கப் போட்ட காசு தண்ணீரோடு போகும். உயர்த்தப் போட்ட காசு ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்.

மின்சாரத்தில் தொடங்குங்கள். கீழ்த்தள பிளக்குகள் தரையிலிருந்து ஓர் அடியில் இருந்தால், வயர்மேனைக் கொண்டு அவற்றை நான்கைந்து அடிக்கு ஏற்றுங்கள். மெயின் சுவிட்சும் ட்ரிப் சுவிட்சும் உங்கள் நீர்மட்ட இலக்கத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதே வேலையோடு கீழ்த்தளத்துக்கும் மேல்மாடிக்கும் தனித்தனிச் சுற்று பிரிக்கச் சொல்லுங்கள். கீழே அணைத்து மேலே வெளிச்சம் வைத்திருக்க இதைவிட வேறு வழி இல்லை. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். இந்த வேலை முழுவதும் ஒரு ஜெனரேட்டரின் விலைக்குள் முடிந்துவிடும், உயிரையும் காக்கும்.

அடுத்தது தட்டு. துளையிட்ட கோண இரும்பில் ஐந்து அடி உயரத்தில் ஒரு தட்டு அடித்துச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினால் உடுப்பு, பாடப் புத்தகம், அரிசி, மிக்சி எல்லாம் பத்து நிமிடத்தில் மேலே போகும். கீழ்த்தளத்துக்கு மெலமைன் பலகை அலுமாரி வாங்கவே வேண்டாம். ஒரு நாள் நனைந்தால் பலகை ஊதி உதிர்ந்துவிடும். இரும்பு அலுமாரியோ தேக்கோ கழுவிக் காயவைத்தால் மீளும்.

பிரிஜ்ஜைக் கல்லில் ஏற்றுவதோடு நிறுத்தாதீர்கள். மூடிய வெறும் பிரிஜ் ஓர் அடித் தண்ணீரிலேயே மிதக்கத் தொடங்கும், கவிழ்ந்தால் மோட்டர் போச்சு. கயிற்றால் யன்னல் கம்பியோடு கட்டுங்கள், அல்லது கதவைத் திறந்தபடி விடுங்கள். காஸ் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் மிதக்கும். 12.5 கிலோ சிலிண்டரின் மொத்த எடை, அது தள்ளும் தண்ணீரின் எடையைவிடக் குறைவு. வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்ந்த நிலையில் மேல்மாடியில் சங்கிலியால் கட்டுங்கள். தண்ணீர் மோட்டரை இரண்டு போல்ட்டோடு கழற்றக்கூடியதாகப் பொருத்தினால் அதையும் தூக்கிக்கொண்டு போகலாம். நிலத்தடித் தாங்கியையும் கூரைத் தாங்கியையும் முன்னரே நிரப்புங்கள். வெறும் நிலத்தடித் தாங்கி ஊறிய மண்ணிலிருந்து மேலெழும்பிக் குழாய்களை முறிக்கும். 1000 லீற்றர் கூரைத் தாங்கி நிறைந்திருந்தால் காற்றும் அசைக்காது. கொழும்புக்குக் குடிநீர் கொடுக்கும் அம்பத்தலை நிலையமும் களனியிலிருந்துதான் எடுக்கிறது, வெள்ளத்தில் குழாய் நின்றால் அந்த 1000 லீற்றரே கைகொடுக்கும்.

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவை ஒரே பையில், தண்ணீர் புகாத பெட்டியில் இருக்கட்டும். எல்லாவற்றையும் படமெடுத்து வெளிநாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள்.

ஜெனரேட்டரா, இன்வேட்டரா?

வெள்ளப் பகுதியில் மின்சாரம் போனால் ஒரு இரவோடு வராது. பாதுகாப்புக்காக இணைப்பையே நிறுத்துவார்கள். இந்தக் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி ஈய பற்றரியில் பெயரளவுக்கு 1800 வாட்மணி. பற்றரி கெடாமல் எடுக்கக்கூடியது பாதி. இன்வேட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் 750 அளவு. இரண்டு மின்விசிறி, நான்கு எல்ஈடி விளக்கு, ஒரு ரவுட்டர் என்றால் 165 வாட் வரும். நாலரை மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும், திரும்பச் சார்ஜ் பண்ண மின்சாரம் இல்லை. பற்றரியின் எடை ஏறத்தாழ 50 கிலோ, கீழ்த்தளத்தில் தரையில் வைத்திருந்தால் வெள்ளத்தில் அதுவும் போகும். வெள்ளம் வராத தொடர்மாடியில், பருவகாலத் தடைகளுக்கு இன்வேட்டர் மிக நல்லது. வெல்லம்பிட்டிக்கு அது அவ்வளவு பொருந்தாது.

2 கேவிஏ பெற்றோல் ஜெனரேட்டர் அரைச் சுமையில் மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும். நாளுக்கு நான்கு மணி வீதம் நான்கு நாளைக்கு 16 லீற்றர். வெள்ள நேரத்தில் அதைத் தேடுவது ஒரு பாடு, வீட்டுக்குள் சேமித்து வைப்பது தனி ஆபத்து. எல்லாவற்றையும் விட, அதை வைக்க இடம் வேண்டும். வீட்டுக்குள், மாடிப்படியில், பல்கனியில் வைத்து ஓட்டினால் மணமில்லாத காபனோரொட்சைட்டு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எந்த யன்னலிலிருந்தும், அயல்வீட்டு யன்னலிலிருந்தும் இருபது அடியாவது தள்ளி, திறந்தவெளியில், மழை படாமல் நிற்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து வீடுகளில் தண்ணீர் நிற்கும்போது அப்படி ஓர் இடமே இருக்காது. சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெளிக் கம்பிக்கும் மின்சாரம் போய், திருத்த வந்த தொழிலாளி உயிரிழப்பார்.

எனவே கங்கைப்பக்க வீட்டுக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் இரண்டு, மீள்சார்ஜ் விளக்கு மூன்று, மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி ஒன்று போதும். ஒரு பவர் பேங்க் சாதாரண கைப்பேசியை இரண்டரை தடவை நிரப்பும். கையில் காசு மிஞ்சினால் ஜெனரேட்டரை விட்டுவிட்டு, மேலே சொன்ன மின்சுற்று வேலையில் போடுங்கள்.

வெளிக்கிடுவது: எந்த அளவில்?

மேல்மாடி இருக்கிறதே, அங்கே இருந்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சோறும் விளக்கும் இருக்கும், மலசலகூடம் இருக்காது. கீழே மலக்குழி தண்ணீருக்குள் இருந்தால் மேல்மாடிக் கொமட்டும் இறங்காது. ஐந்து பேர், நான்கு நாள். தடித்த பை இரண்டு போட்ட பக்கீட்டும் சுண்ணாம்புத் தூளும் ஆயத்தமில்லாத வீட்டில் இரண்டாம் நாளே தாங்க முடியாமல் போகும். தங்குவதென்றால் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க 3 லீற்றர், மற்ற எல்லாவற்றுக்கும் 10 லீற்றர் கணக்கு வையுங்கள். கர்ப்பிணி, டயலிசிஸ் செய்பவர், படுக்கையில் இருப்பவர், கைக்குழந்தை உள்ள வீட்டில் தங்குவது ஒரு தெரிவே அல்ல. அவர்களை முதலில் அனுப்புங்கள்.

வெளிக்கிடும் நேரத்தை வாசலில் தண்ணீரைப் பார்த்து முடிவெடுத்தால் பிந்திவிடும். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் நீர்மட்டத்தைப் பாருங்கள். கொழும்பில் களனியின் மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். கங்கையின் மேற்பக்கம் ஹங்வெல்லவில் 8 மீற்றர் சிறு வெள்ளம், 10 மீற்றர் பெருவெள்ளம். ஹங்வெல்லதான் உங்கள் முன்னறிவிப்பு. அங்கே 8 மீற்றர் தாண்டி, அடுத்தடுத்த அறிவிப்புகளில் ஏறிக்கொண்டே இருந்தால் அன்று பகலிலேயே வெளிக்கிடுங்கள். இரவில் மின்சாரம் நிறுத்தாத வீதிகளில், திறந்த கானுக்கு மேலே இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, தேவையில்லாமல் ஒருநாள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வருவது மேல். போகும்போது மெயின் சுவிட்ச் அணைத்து, காஸ் மூடி, கிராம உத்தியோகத்தரிடம் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

தண்ணீர் வடிந்த பிறகு

கழுவத் தொடங்குமுன் படமெடுங்கள். நீர்க்கறை தெரியும்படி ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு பொருளும். காப்புறுதிக்கும் பிரதேச செயலக நிவாரணத்துக்கும் இதுவே சாட்சி. தித்வாவுக்குப் பின் வீடு துப்புரவாக்க 25,000 ரூபா கொடுப்பதாக அரசு அறிவித்தது. அப்படியான உதவிக்குக் கிராம உத்தியோகத்தரின் பதிவில் பெயர் இருக்க வேண்டும். காப்புறுதி எடுப்பவர்கள், தீக் காப்புறுதியில் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, கட்டடத்துக்கு மட்டுமா பொருட்களுக்கும் சேர்த்தா என்று வாசியுங்கள். பெறுமதியைப் பாதியாகக் காட்டிக் கட்டணத்தைக் குறைத்தால் நட்டஈடும் பாதியாகக் குறையலாம்.

சேறு காய்வதற்குள் தள்ளிவிடுங்கள், காய்ந்தால் கல் மாதிரி. றப்பர் பூட்சும் கையுறையும் இல்லாமல் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறலாலேயே வரும். முன்கூட்டிய டொக்சிசைக்கிளின் மருந்து தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வைத்தியரிடம் வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகுதான் பிளீச் போட வேண்டும். சேற்றின் மேல் ஊற்றிய பிளீச் வீண். மலத்தண்ணீர் ஏறிய தரைக்கு 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு அதைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். நனைந்த பஞ்சு மெத்தை, தும்பு மெத்தை, நுரை மெத்தை எதையும் வைத்திருக்காதீர்கள்.

கிணற்றை ஒரே மூச்சில் இறைக்காதீர்கள், ஊறிய மண் கிணற்று வளையத்தை உள்ளே தள்ளும். மெல்ல இறைத்து, சேறு எடுத்து, ஊறவிட்டு, 30 சதவீத பிளீச்சிங் பவுடரை 1000 லீற்றருக்கு 170 கிராம் வீதம் கரைத்து ஊற்றுங்கள். நான்கு அடி விட்டக் கிணற்றில் இரண்டு மீற்றர் தண்ணீர் என்றால் 400 கிராம் போதும். 12 மணித்தியாலம் விட்டு, மணம் போகும்வரை இறையுங்கள். அதன் பிறகும் சில வாரம் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மின்சாரத்தில் திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்விக்குப் பதில் தெளிவானது. நனைந்த ட்ரிப் சுவிட்ச், எம்சிபி, பிளக் எல்லாம் மாற்ற வேண்டியவை. குழாய்க்குள் இருக்கும் வயர் காய்ந்தால் தப்பலாம், இணைப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டும். வயர்மேன் மின்கசிவு பார்க்கும் மெகர் கருவியால் 500 வோல்ட்டில் சோதித்து ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 1 மெகாஓம் வந்த பிறகே மெயினைப் போடுங்கள். நனைந்த மோட்டரையும் பிரிஜ்ஜையும் "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்த்தால், திருத்தியிருக்கக்கூடியதும் எரிந்துபோகும்.

பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். சீமெந்துச் சுவர் காயப் பல வாரம் எடுக்கும். ஓர் அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் நாடா ஒட்டி ஒரு நாள் விடுங்கள், உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள். அடிக்கும் முன், தண்ணீர் நின்ற மட்டத்தில் ஓர் ஆணி அடித்து அதன் பக்கத்தில் திகதியை எழுதிவையுங்கள். அடுத்த தட்டு அந்த ஆணிக்கு ஓர் அடி மேலே வர வேண்டும்.